லிஃப்ட்காரரின் மேல்வரிசை

அக்கா வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னபோது பல்காரரின் கையில் ஒரு வக்கீலின் கீழ்த்தாடை இருந்தது. மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்து நாள்தான்டா. அப்புறம் வேற ஆள் பாத்துக்க" என்றாள் அக்கா, பாலிஷ் மோட்டாரை நிறுத்தாமலே.

மோட்டார் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்துவிடலாமா என்றுதான் பல்காரருக்கு முதலில் தோன்றியது. அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, கண்ணாடியில் படிந்திருந்த பொடியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எங்க போற?"

"அவரோட போறேன். அவங்க ஊருக்கு. அங்க அவரு தங்கச்சி வீட்டுல மாடி காலியா இருக்காம். போனதும் கல்யாணத்தப் பதிஞ்சுக்கறதா இருக்கோம்."

"எவரோட?"

"தெரியாதமாதிரி கேக்காத. அஞ்சு மாசமா உன் கண்ணு முன்னாடிதான் வந்துட்டுப் போறாரு."

பல்காரர் வக்கீலின் தாடையை மேஜைமேல் வைத்தார். மெழுகு ஆறிப்போய் ஒரு பல் கோணிக்கொண்டது. அக்காவுக்கு வயது ஐம்பத்துநாலு. அப்பா செத்தபோது அவருக்குப் பதினெட்டு, அவளுக்கு இருபத்துநாலு. அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்தவள் இன்றைக்குத்தான் எழுந்திருக்கிறேன் என்கிறாள். அதையும் ஆபீஸில் நோட்டீஸ் கொடுப்பதுபோல் நாள் கணக்குச் சொல்லி.

பட்டறை என்பது வீட்டின் பின்னறைதான். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நின்றுதான் பேச வேண்டும். எப்போதும் வெளுத்துக் கிடக்கிற ஒரு தொட்டி, அலமாரி நிறைய பிளாஸ்டர் அச்சுகள், மூக்கைத் துளைக்கிற பிளாஸ்டிக் திரவத்தின் வாடை. எவ்வளவு மூடி வைத்தாலும் அந்த வீட்டில் எந்தச் சாப்பாட்டிலும் ஒரு சிட்டிகை பிளாஸ்டர் சேர்ந்துவிடும். ஊரில் நாலு பல் டாக்டர்கள் அங்கேதான் செட் செய்யக் கொடுத்தார்கள். பலகையில் பெயர் டாக்டர்களுடையது. மேடையேறிச் சிரிக்கிற பெரிய மனிதர்களில் பாதிப் பேர் சிரித்தது அந்தப் பின்னறையின் சிரிப்பை. அவர்களில் ஒருவருக்கும் அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

விதிவிலக்காக வந்தவர் லிஃப்ட்காரர். அறுபதைத் தாண்டிய ஆள். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். முட்டி தேய்ந்துபோய், இப்போது ஓய்வு. மேல்வரிசையில் முன்பற்கள் ஆறும் கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் பிளேட். டாக்டர் ஊரில் இல்லாத சமயத்தில் அது விரிசல் விட்டுப்போக, யாரிடமோ விலாசம் விசாரித்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து நின்றார். ரிப்பேர் வேலைகளைப் பல்காரர் தொடுவதில்லை. புதுப்பல் செய்கிறவன் கலைஞன், ரிப்பேர் பார்க்கிறவன் அடுத்தவன் எச்சிலைக் கழுவுகிறவன் என்பது அவர் கொள்கை. அந்த எச்சிலெல்லாம் முப்பது வருஷமாக அக்காவின் பங்கு.

அன்றைக்கு ஒட்டிக் கொடுத்ததை மறு மாதமும் கொண்டுவந்தார். ஓரம் குத்துகிறது என்றார். அதற்கு அடுத்த மாதமும் கொண்டுவந்தார். அப்போது அதில் எந்தக் கோளாறும் இல்லை என்பதைக் கவனித்தவள் பல்காரரின் மனைவி மட்டும்தான்.

"மூணாவது தடவ அவரு கொண்டுவந்தது பல்ல இல்லைங்க" என்று அவள் அப்போதே சொன்னாள். பல்காரர் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தான் பிரெஞ்சுக்காரன் என்று லிஃப்ட்காரர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் கேட்டதற்குப் பதிலாக. முப்பது வயதில் கம்பெனி வேலையாக வந்தவர், இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். மனைவி போய் எட்டு வருஷம். இந்த ஊர்ப் பேச்சை இந்த ஊர்க்காரர்போலவே பேசினார். ஆள் கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. வெயிலில் காய்ந்த நிறம். எந்த நாட்டு பஸ்ஸில் ஏற்றினாலும் பக்கத்து ஸீட்காரன் திரும்பிப் பார்க்க மாட்டான். அதுதான் சிக்கல்.

"பிரெஞ்சுக்காரர்னு அவரே சொன்னா ஆச்சா? ரிப்பன் கடைக்காரர் தங்கச்சி கதை தெரியும்ல?" என்றார் பல்காரர், அக்கா நோட்டீஸ் கொடுத்த அன்று இரவு மனைவியிடம்.

தெருவுக்கே தெரிந்த கதை அது. ஸ்விஸ் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தவனை நம்பிப் பெட்டியோடு கிளம்பிப் போனாள். அவன் டிக்கெட் வாங்கி வருகிறேன் என்று போனவன்தான். விமான நிலையத்து பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். டாக்டர் பக்கத்து ஊரில் குடை ரிப்பேர் செய்கிறவன் என்று பின்னால் தெரிந்தது. அவள் இன்றைக்கும் கடையில் ரிப்பன் அளந்துகொண்டுதான் இருக்கிறாள். யாராவது நிமிர்ந்து பார்த்தால் அளவு தப்பிவிடும்.

"தெரியும்" என்றாள் மனைவி. "ஆனா உங்க கவல அது இல்ல. பாலிஷ் யாரு போடுவான்னுதான் உங்களுக்குக் கவல."

"என்ன பேசற நீ? அக்காவப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"நானும் அண்ணியப் பத்தித்தான் பேசறேன். நாளைக்கு அவரு பிரெஞ்சு இல்லேன்னு ஆயிட்டா உங்க மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

பல்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நல்லவேளையாக அந்த வீட்டில் பாரிஸ் அத்தான் என்று ஒருவர் இருந்தார்.

பெரியக்காவின் புருஷன் அவர். கப்பல் டிக்கெட் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஆபீஸ் செலவில் ஒன்பது நாள் பாரிஸுக்குப் போய் வந்தார். அதில் நாலு நாள் வயிற்றுப்போக்கில் ஹோட்டல் அறையைவிட்டு வெளியே வரவில்லை என்பது பெரியக்கா சொல்லித் தெரிந்த விஷயம். மீதி ஐந்து நாளை வைத்துக்கொண்டு அவர் இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டார். குடும்பத்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பதானாலும், சுவருக்கு வர்ணம் அடிப்பதானாலும், "அங்கெல்லாம் எப்படின்னா" என்று அவர் ஆரம்பித்தால் சுண்ணாம்பு காய்ந்துபோகும்வரை நிற்காது.

போனில் விஷயத்தைக் கேட்டதும் அத்தான் ஒரு நிமிஷம் பேசவில்லை. வாழ்நாளெல்லாம் படித்த பரீட்சைக்கு இப்போதுதான் ஹால் டிக்கெட் வந்திருக்கிறது என்று தெரிந்த மௌனம் அது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிடு மாப்ளே. மீதிய நான் பாத்துக்கறேன். ஒரு பிரெஞ்சுக்காரன ரொட்டி சாப்பிட வச்சுப் பாத்தாப் போதும். மறைக்கவே முடியாது."

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் நிமிரவில்லை. "பரீட்சை வைக்கறதுன்னா வச்சுக்குங்க. வருவாரு. ஆனா கடிக்கறமாதிரி எதுவும் பண்ணாதீங்க. பிளேட்டு மறுபடியும் லேசா விரிசல் விட்டிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தூறல். முன்னறையில் மேஜையைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடுவில் போட்டார்கள். மனைவி உருளைக்கிழங்கு சூப்பும் முட்டையும் செய்து, கடை ரொட்டி நீளமாக ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அத்தான் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு நோட்டு. அதில் ஒன்று முதல் பதினொன்றுவரை எண் போட்டு ஏதோ எழுதியிருந்தது. பெரியக்கா முட்டிவலி என்று வரவில்லை. "முட்டிவலியெல்லாம் இல்ல, இவரு பாரிஸ் பேச்ச நான் முழுசாக் கேட்டாச்சு" என்று போனில் தங்கையிடம் சொல்லியிருந்தாள்.

லிஃப்ட்காரர் சரியான நேரத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் நேராக வைத்துவிட்டு, குடையை மடக்கி வாளிக்குள் நிறுத்தினார். அத்தான் நோட்டில் முதல் எண்ணுக்கு நேராக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"என்ன அத்தான் அதுக்குள்ள?" என்று பல்காரர் காதோரம் கேட்டார்.

"நேரத்துக்கு வந்துட்டான். பிரெஞ்சுக்காரன் வரமாட்டான்."

லிஃப்ட்காரருக்கு எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. அக்கா சொல்லியிருப்பாள். உட்காரும் முன்பே சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாத்துக்குங்க. பழசு ரெண்டும் வீட்டுல இருக்கு. வேணும்னா எடுத்துட்டு வர்றேன்."

பல்காரர் கையை நீட்டினார். அதற்குள் அத்தான் ஒற்றை விரலால் அதைத் தள்ளிவிட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம் பாஸ்போர்ட் பாத்தவன் நான். ஏமாத்தறவன் எவனும் பாஸ்போர்ட் இல்லாம வர்றதில்ல. இது கவர்மெண்ட்டு குடுக்கறது. கவர்மெண்ட்டுக்கு என்ன தெரியும்? நான் பாக்கறது வேற."

"அப்படிங்களா" என்றார் லிஃப்ட்காரர். எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ மேனேஜர்களிடம், லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்பதைப்பற்றி லிஃப்டைப் பார்க்காதவர்கள் சொல்லக் கேட்டுப் பழகிய முகம்.

சாப்பாடு ஆரம்பித்தது. ரொட்டியை மனைவி துண்டு போட்டு வைத்தாள். கையால் பிய்க்கிறாரா என்று பார்க்க அத்தான் கத்தியைப் பறித்து ஒளித்து வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டார். லிஃப்ட்காரர் ஒரு துண்டை எடுத்து, சூப்பில் நனைத்து, ஊறவிட்டு, கடைவாய்ப் பக்கமாகத் தள்ளி மெதுவாகத் தின்றார்.

"ரொட்டிய நனைக்கறீங்களே" என்றார் அத்தான்.

"பல்லு ஆடுதுங்க."

"அங்கெல்லாம் எப்படின்னா, ரொட்டிய ரெண்டு கையால பிச்சு, அந்தச் சத்தத்தக் கேப்பாங்க. சத்தம் சரியில்லேன்னா கடைக்காரன்கிட்டப் போயிச் சண்டை போடுவாங்க."

"எங்க அம்மா எல்லாத்தையும் காப்பியில நனைச்சுத்தான் குடுப்பாங்க. நாங்க ஆறு பேரு. ரொட்டி முந்தாநாள் ரொட்டியா இருக்கும்."

அத்தான் நோட்டில் பெருக்கல் குறி போட்டார். அவருடைய பாரிஸில் முந்தாநாள் ரொட்டி கிடையாது.

"சூப்பு எப்படி இருக்கு?" என்று அடுத்ததை வீசினார்.

"நல்லா இருக்குங்க. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

"குறை ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லீங்களே."

அத்தான் பல்காரர் பக்கம் சாய்ந்தார். "ஒரு பிரெஞ்சுக்காரன் அடுத்தவங்க சமையலக் குறை சொல்லாம மேஜைய விட்டு எந்திரிக்க மாட்டான். நல்லா கவனிச்சுக்க."

"நான் பண்ணின சூப்ப யாராச்சும் நல்லா இருக்குன்னு சொல்றது உங்களுக்குப் பொறுக்கலையாண்ணே?" என்றாள் மனைவி, ரொட்டித் தட்டை நகர்த்தியபடி. அக்கா குனிந்து சூப்பைக் கலக்கினாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

பிறகு அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷம் துருப்பிடிக்காமல் காப்பாற்றி வைத்திருந்த பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டார். மூக்கு, தொண்டை, புருவம் மூன்றும் சேர்ந்து உழைத்த கேள்வி. லிஃப்ட்காரர் சற்று யோசித்துவிட்டு விறுவிறுவென்று நாலைந்து வாக்கியம் பதில் சொன்னார். அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது குழந்தைக்கும் விளங்கியிருக்கும்.

"என்ன சொன்னாரு அத்தான்?" என்றாள் அக்கா.

"அது... உச்சரிப்பே சரியில்ல. ரொம்ப வேகம். அங்க எங்கிட்டப் பேசினவங்கல்லாம் எவ்வளவு நிறுத்தி, நிதானமாப் பேசினாங்க தெரியுமா? ஒவ்வொரு வார்த்தையா, கையக் காட்டிக் காட்டிப் பேசுவாங்க."

"அவங்க எல்லார்கிட்டயுமே அப்படிப் பேசினாங்களா, உங்ககிட்ட மட்டுமா?" என்றாள் அக்கா.

அத்தான் அதைக் கேட்காதவராக எழுதிக்கொண்டிருந்தார். பதினொன்றில் ஒன்பது பெருக்கல் குறிகள். மீதி இரண்டும் மதுவையும் ஓவியத்தையும் பற்றியவை. லிஃப்ட்காரர் டீதான் குடிப்பார் என்பதும், அவர் பார்த்த ஓவியங்கள் ஹோட்டல் லிஃப்டுகளுக்கு எதிரே மாட்டியவை மட்டும்தான் என்பதும் டீ வருவதற்குள் தெரிந்து, அவற்றுக்கும் பெருக்கல் விழுந்தது.

"அட, ஒரு பிரெஞ்சுக்காரன் லிஃப்ட் ரிப்பேர் பண்ணுவானாம்மா?" என்று அத்தான் கடைசியாக அக்காவைப் பார்த்தே கேட்டார். குரலில் பரிவுகூட இருந்தது. "சமைப்பான், வரைவான், சென்ட் போடுவான், காதலிப்பான்."

"அப்ப அங்க லிஃப்டெல்லாம் யாரு பாப்பாங்க?" என்றாள் மனைவி.

"எல்லாரும் மாடிப்படியில ஏறிக் காதலிப்பாங்க போல" என்றாள் அக்கா.

லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிப்பில் மேல்வரிசை ஒரு பக்கமாக இறங்கியது. சட்டென்று கையால் பொத்திக்கொண்டார்.

அத்தான் நோட்டை மூடினார். "என் தீர்ப்பு ரெடி. மனசுல எதையும் வச்சுக்காதீங்க சார். எங்க வீட்டுப் பொண்ணு. நாளைக்கு பெஞ்சுல உக்காந்து அழக்கூடாது. நீங்க யாராவேணா இருங்க, பிரெஞ்சு இல்ல."

வெளியே தூறல் வலுத்தது. பல்காரர் தன் முகத்தில் வெளிச்சம் எதுவும் வந்துவிடக்கூடாதே என்று குனிந்து, மேஜைமேல் கிடந்த ரொட்டித் தூளை விரலால் ஒற்றி எடுத்தார். மனைவி தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது பிடரியில் தெரிந்தது.

அக்கா எழுந்தாள். கோபம் இல்லை. ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்கிறவளின் அசதிதான் இருந்தது.

"அத்தான் சொன்னதக் கேட்டாச்சு. இப்ப நீ சொல்லுடா தம்பி."

"நான் என்னக்கா சொல்றது?"

"ஒருத்தன் வாயத் தொறந்தா ஊரச் சொல்லுவேன், பல்லு எந்த நாட்டு வேலைன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்னு முப்பது வருஷமாச் சொல்ற. டாக்டர்ங்க கிட்டச் சொல்ற, போஸ்ட்மேன்கிட்டச் சொல்ற. சொல்லேன் இப்ப. அவரு பிளேட்டு உடையப் போகுது, எப்படியும் கழட்டணும். நல்ல வெளிச்சத்துல பாரு. பாத்துட்டு, நீ இல்லேன்னு சொல்லிட்டா நான் போகல."

"அண்ணி, இது என்ன பேச்சு" என்றாள் மனைவி.

"இரு. இந்த வீட்டுலேருந்து போறப்ப ஒருத்தர் வாயிலயாச்சும் சரின்னு கேட்டுட்டுப் போகணும்னு இருக்கு எனக்கு. இல்லேன்னா எனக்கும் அந்த பெஞ்சு ஞாபகமாவேதான் இருக்கும்."

லிஃப்ட்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி உட்கார்ந்து, கைக்குட்டைக்குப் பின்னால் பிளேட்டைக் கழற்றி, தட்டில் வைத்து நீட்டினார். வாய் உள்வாங்கி ஒரே நிமிஷத்தில் பத்து வயது கூடிவிட்டது. பல்காரர் அந்த மாற்றத்தை ஆயிரம் தடவை பார்த்தவர். இருந்தும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பட்டறையில் விளக்கைப் போட்டார். பிளேட்டை சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அக்கா கதவில் சாய்ந்து நின்றாள்.

சொல்ல வேண்டியதை அவர் ஏற்கெனவே முடிவு செய்துதான் வந்திருந்தார். இது உள்ளூர் வேலை, பாரு, பிளாஸ்டிக் நிறத்தைப் பாரு, ஓரத்தைப் பாரு. அவ்வளவுதான். யாரும் மறுத்துப் பேச முடியாது. ஒரு வாரம் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அப்புறம் மோட்டார் ஓடும். போன வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு செட்டுக்கு அவரே பாலிஷ் போட்டு அனுப்பி, டாக்டர் திருப்பி அனுப்பியதை வீட்டில் அவர் சொல்லவில்லை.

ஆனால் கண்ணாடிக்குக் கீழே இருந்தது அவர் எதிர்பார்த்தது இல்லை. புரட்டினார். மறுபடி புரட்டினார். விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்னோரம் காகிதம்போல் மெலிந்து, எங்கே பிளேட் முடிகிறது எங்கே அண்ணம் ஆரம்பிக்கிறது என்று நாக்குக்கே தெரியாதபடி கரைந்திருந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்குகளில், சக்கரம் நுழையாத இடத்தில், யாரோ துணியை விரலில் சுற்றித் தேய்த்திருக்கிறார்கள். அண்ணத்தில் வழவழப்பாக விடாமல், இயல்பான வாயில் இருப்பதுபோல் மெல்லிய வரிகள். பேச்சு வழுக்காமல் இருப்பதற்காக. இவ்வளவு வருஷம் கழித்தும் அந்த வரிகள் தேயவில்லை. கோணலாக எதையாவது சொல்லலாம் என்று தேடினார். தொழிலில் அவர் தற்பெருமைக்காரர்தான், ஆனால் கையில் இருக்கிற நல்ல வேலையைக் கெட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கண்ணாடியைக் கழற்றினார். "சரிதான்க்கா" என்றார், சோர்ந்துபோன குரலில்.

"என்ன சரி?"

"இங்க பண்ணினது இல்ல இது. இங்க எவனுக்கும் இவ்வளவு பொறுமை கெடையாது. இதுமாதிரி பாலிஷ் நான் பாத்ததே இல்ல. அங்க பண்ணினதுதான். அவரு பிரெஞ்சுக்காரருதான்."

அக்கா கதவை விட்டு நகர்ந்தாள். உள்ளே வந்து தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டேய், நெசமாவே தெரியலையா உனக்கு?"

"என்ன தெரியல?"

"நீ வச்ச பல்லுடா அது. பதினேழு வருஷமாச்சு. அப்ப கடைத்தெருவுல இருந்தாரே, வழுக்கை டாக்டர், அவர் அனுப்பின கேஸு. லிஃப்ட் குழியில மேலேருந்து ஸ்பேனர் விழுந்து மூஞ்சி கிழிஞ்சுபோன ஆளு, அவசரம்னு சொல்லி விட்டாரு. பாலிஷ் நான் போட்டேன்."

பல்காரர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளின் நிபுணத்துவம் முழுவதும் உள்ளங்கையில் கிடந்தது.

"இந்த வரி..."

"நான்தான். எல்லாத்துலயும் போடறேன். வாய்க்குள்ள யாருக்குத் தெரியப் போகுது, சீக்கிரம் முடின்னுதான் நீ சொல்லுவ. பொட்டியில போட்டு அனுப்பறப்பவும் மேல் பக்கத்தத்தான் பாப்ப. நீ வச்ச பல்ல."

"அவருக்குத் தெரியுமா?"

"மொத நாளே சொன்னேன். ரிப்பேருக்குக் கையில எடுத்ததும் தெரிஞ்சுபோச்சு. இது என் கைவேலைன்னு சொன்னேன். அவரு அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பதினேழு வருஷமா உங்க கை என் வாய்க்குள்ளதான் இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப்போச்சேன்னாரு." அக்கா ஏப்ரன் நுனியைத் திருகினாள். "அதுக்கப்புறந்தான் ஓரம் குத்த ஆரம்பிச்சுது."

பல்காரருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று.

"அப்ப அவரு பிரெஞ்சுக்காரரா, இல்லையா?"

"பிரெஞ்சுக்காரருதான். பாஸ்போர்ட் அவரு பையிலதான் இருக்கு, அவரு தங்கச்சி எழுதற கடுதாசி கட்டுக்கட்டா இருக்கு. வீடியோவுல பேசியிருக்கேன் அவகூட. அவ கையக் காட்டிக் காட்டி நிறுத்தி நிறுத்தித்தான் எங்கிட்டப் பேசறா. ஆளு பிரெஞ்சு, பல்லுதான் நம்மூரு."

"இத ஏன் இப்ப எங்கிட்டச் சொல்ற? நான்தான் சரின்னு சொல்லிட்டேனே. பேசாமப் போயிருக்கலாம்ல?"

"நீ ஏமாந்து சரின்னு சொல்லி நான் போகக்கூடாதுடா. இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. வெளிய போயி உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு."

மனைவி டீக்கோப்பைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. அத்தான், தான் ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்த ஒரு கோபுரத்தைப்பற்றி, அந்த நாட்டில் பிறந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் வாயைப் பொத்தியபடி "ம்ம்" கொட்டுவதும் கேட்டது.

பல்காரர் யோசித்தார். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். இந்தப் பல் இங்கே, இந்த அறையில் செய்தது என்று ஒரே ஒரு வார்த்தை. அத்தானுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். பன்னிரண்டாவது பெருக்கல் குறி, விசாரணை முடிந்தது. சொன்ன வாக்கை அக்கா மீற மாட்டாள். நாளைக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். உண்மையைச் சொல்லியே ஒரு ஆளை இருத்தி வைத்துக்கொள்ளலாம் என்பது இவ்வளவு சுலபமாக அவருக்கு இதுவரை வாய்த்ததில்லை. அவள் போய்விட்டால் ஒவ்வொரு செட்டாகத் திரும்பி வருகிற நாட்களும் கண்ணில் தெரிந்தன. டாக்டர்கள் முதலில் போன் செய்வார்கள். பிறகு செய்ய மாட்டார்கள்.

பிளேட்டில் விரிசல் விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். ஒரு சொட்டுத் திரவம், ஒரு சிட்டிகைப் பொடி. ரிப்பேர் என்று அவர் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. அக்காவின் மேஜையிலிருந்து சின்னத் தூரிகையை எடுத்து அவரே விரிசலை அடைத்தார். இறுகியதும் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து, மோட்டாரில் பிடிக்கப்போனார்.

"கூடாது" என்றாள் அக்கா. "அங்க சக்கரம் பட்டா வரி போயிடும். துணியில தேய்."

துணியை விரலில் சுற்றித் தேய்த்தார். கண் எரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும்" என்று அவள் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

பிளேட்டைக் கழுவி, முன்னறைக்கு வந்து ஈரத்தோடு லிஃப்ட்காரரின் தட்டில் வைத்தார். அத்தான் நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார்.

"என்ன மாப்ளே? நான் சொன்னதுதானே?"

"இல்ல அத்தான். சந்தேகமே இல்ல. அங்க பண்ணினதுதான்."

அத்தானின் பேனா காற்றில் நின்றது. "எப்படிச் சொல்ற?"

"எப்படிச் சொல்றதா?" பல்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். "இந்தப் பின்பக்கத்து ஓரத்தப் பாருங்க. விரலால தடவிப் பாருங்க, பரவாயில்ல. எங்க முடியுதுன்னு தெரியுதா? தெரியாது. இத இப்படிக் கொண்டுவர ஒரு நாள் பூராக் குனிஞ்சு உக்காரணும். இந்த இடுக்குல மெஷின் போகாது, வெறும் கைதான். இங்க வரி வரியா இருக்குல்ல, இது யாருக்கும் தெரியாது, போட்டுட்டிருக்கறவங்களுக்கே தெரியாது. பேசறப்ப, திங்கறப்ப நாக்குக்கு மட்டுந்தான் தெரியும். இது இல்லேன்னா யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. ஆனாலும் பண்ணியிருக்காங்க. பல்லு வச்சவன் ஏதோ சுமாராத்தான் வச்சிருக்கான். பாலிஷ் போட்ட கைதான் கை. அந்தப் பாலிஷ் இல்லேன்னா அவன் வச்ச பல்லு வெறும் பல்லு. எனக்கு இந்தக் கை வராது. இந்த ஊர்ல எவனுக்கும் வராது."

இவ்வளவு நீளமாக அவர் அந்த மேஜையில் பேசியதில்லை. அக்கா நின்ற பின்னறைக் கதவருகே அசைவு எதுவும் இல்லை.

அத்தான் நோட்டைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார். பிறகு பதினொரு பெருக்கல் குறிகளுக்கும் மேலே, முன்பே முடிவு செய்திருந்தவர்போல், பெரிதாக ஒரு டிக் போட்டார்.

"நானும் அதான் நெனச்சேன். பதில் சொல்றப்ப அந்த வேகம் இருக்கு பாரு, அது பொறப்புலயே வரணும். வேணும்னுதான் நான் கடைசிவரைக்கும் மடக்கி மடக்கிக் கேட்டேன். அசரவே இல்ல மனுஷன். வேலைன்னா அங்கெல்லாம் எப்படின்னா..."

"அண்ணே, டீ ஆறுது" என்றாள் மனைவி.

லிஃப்ட்காரர் திரும்பி உட்கார்ந்து பிளேட்டைப் போட்டுக்கொண்டார். நாக்கால் ஒரு தடவை உள்ளே தடவிப் பார்த்தார். எது புதிதாக ஒட்டப்பட்டது, யார் தேய்த்தது என்பதெல்லாம் நாக்குக்குத் தெரிந்ததோ என்னவோ, பல்காரரையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடியிருந்த பத்து வயதும் முகத்திலிருந்து இறங்கியிருந்தது.

"இதப் பண்ணினவங்களப் பத்தி அவங்க வீட்டு ஆளு வாயால ஒரு வார்த்த கேட்டா நல்லாருக்கும்னு நெனச்சிருக்கேன்" என்றார்.

"அது எப்படிங்க முடியும்?" என்றார் அத்தான். "எந்த ஊரோ, எந்தத் தெருவோ. இந்நேரம் அவங்க வேலைய விட்டே போயிருப்பாங்க."

"எங்க போனாலும் நல்லா இருக்கட்டும்" என்றார் பல்காரர். அதைச் சொல்லும்போது அவர் பின்னறைப் பக்கம் திரும்பவில்லை.